நிறம் சேராத பல்

“சத்தியம் பண்ண மாப்பிள்ளை தயார். எங்க வச்சுப் பண்றதுங்கறதுதான் இப்பப் பேச்சு,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஆறிப்போன தேநீரின் மேல் படிந்திருந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார்.

பேச்சு நடந்தது பல் கட்டும் கடையில். கடை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோரப் பலகைகளில் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உதடும் கன்னமும் இல்லாத வாய்கள். எதற்கென்று தெரியாமலே இளித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே நாற்காலி போட்டு, உதடும் கன்னமும் உள்ளவர்கள் நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேலை மேசைக்குப் பின்னால் இருந்தவளை ஊரே பல்லுக்காரம்மா என்றுதான் கூப்பிடும். புருஷன் பல் கட்டுகிறவர். அவரோடு கூட இருந்து மெழுகு உருக்கி, சாந்து குழைத்துத் தொழில் பழகியவள், அவர் போனபின் கடையைத் தானே நடத்தி மகளை ஆளாக்கினாள். இப்போது அவள் கையில் ஒரு மெழுகுப் பல் இருந்தது. மேல்வரிசை, முன்பல். பெற்ற மகளுக்காக அவள் செதுக்குகிற பல்.

மகள் உள்ளறைக் கதவில் சாய்ந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வேலை அவளுக்கு. பத்து நாளைக்கு முன்னால் மாப்பிள்ளை புறங்கையால் விட்ட அறையில் அவளுடைய பல் போயிற்று. அறை புதிதல்ல. பல் வரைக்கும் வந்ததுதான் புதிது.

அந்த வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பலாமா என்பதுதான் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். அது எப்போது நழுவிப்போய், சத்தியத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று ஆனதென்று யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான், கண்ணுகளா. நாலு ஆண்கள் கூடினால் ரத்தத்தை மறந்துவிட்டு, அதைத் துடைத்த துணி யாருடையது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக்காகப் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் வந்திருந்தார். வெள்ளை உடை, கனிந்த குரல். பெண் வீட்டுக்காகச் சிந்தனை மன்றத்துச் செயலாளர். கடவுள் இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிற மன்றம் அது. செத்துப்போன பல்லுக்காரர் அதன் தூண்களில் ஒருவர். செயலாளர் அவருக்கு உற்ற நண்பர், மகளுக்கு மாமா.

“சொல்றேன்னு வருத்தப்படாதீங்க,” என்றார் பெரியவர். “கடவுள் பயம் இருந்தாத்தான் மனுஷன் கை அடங்கும். அந்தப் பயமே இல்லாத வீட்ல வளந்த பொண்ணு. வார்த்தைக்கு வார்த்தை பதில் பேசுது. பையனுக்கு ஒரு நிமிஷம் புத்தி பிசகிடுச்சு. எந்த ஜெயிலுக்கு வேணா போய்ப் பாருங்க. வெட்டினவன், குத்தினவன் எல்லாம் யாரு? கடவுளை மறந்தவன்.”

“நான் போய்ப் பாத்தவன்,” என்றார் செயலாளர். என்றோ ஒரு போராட்டத்தில் அவர் ஒரு வாரம் உள்ளே இருந்து வந்தது தெருவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். “அறைக்கு அறை சாமி படம். கும்பிட்டுட்டுத்தான் பல்லு விளக்குறான். எங்க ஆளு ஒருத்தனைக் காணோம்.”

“அதெல்லாம் உள்ள போனப்புறம் வந்த பக்தி.”

“சரி. வெளிய இருக்கும்போதே வந்த பக்திக்கு இந்தப் பொண்ணு வாயே சாட்சி.”

சொன்னது அவருக்கே பிடித்துப்போனது. நாற்காலியில் சாய்ந்து மீசையைத் தடவிக்கொண்டார். பெரியவர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். ஒருவருக்கும் அந்த வாயைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அது ஒரு உதாரணம், அவ்வளவுதான்.

பல்லுக்காரம்மா சீழ் வைத்த ஈறுகளை வருஷக்கணக்காகப் பார்த்தவள். எந்த நாற்றத்துக்கும் மூக்கைச் சுளிக்காதவள். இந்த நாற்றம் அவளுக்குத் தாங்கவில்லை.

“பொண்ணும் கொஞ்சம் அடங்கிப் போகணும்ல,” என்று ஆரம்பித்தாள் சம்பந்தியம்மா. “நாள் முழுக்க மைக்குல கத்திட்டு வீட்டுக்கு வந்தும் அதே சத்தம். நான் முப்பது வருஷம் குடும்பம் நடத்தலையா? பல்லு போனதுக்கு ஊரைக் கூட்டினேனா? மைக்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவளுக்குப் பல்லு இருக்கா இல்லையான்னு எவன் எட்டிப் பாக்கப் போறான்?”

மாப்பிள்ளை தலையைக் குனிந்து, கைகளை மடியில் கோத்து வைத்திருந்தான். மருந்துக்கடையில் வேலை. பார்த்தவர்கள் தங்கமான பையன் என்பார்கள்; குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. முதல் தடவை அடித்தபோது, கடையிலிருந்து வீக்கத்துக்குக் களிம்பு கொண்டுவந்து தன் கையாலேயே போட்டுவிட்டானாம். போட்டுக்கொண்டே அவளுக்காகப் பிரார்த்தனையும் செய்தானாம். மகள் இதைச் சொன்னபோது, அடியைவிட அந்தக் களிம்புதான் பல்லுக்காரம்மாவின் அடிவயிற்றில் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி அவளுக்குப் பழக்கமானது.

பல் போன அன்று மகள் வந்து நின்ற கோலம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. “குளியலறையில வழுக்கிட்டேன்மா,” என்றாள். கேட்டதும் பல்லுக்காரம்மா கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்துவிட்டாள். மகள் பொய் சொல்கிறாளே என்பதால் இல்லை. அந்தப் பொய் தன்னுடையது என்பதால். எழுத்து மாறாமல் தன்னுடையது. இந்தக் கடைக்கு வந்து, வாயைத் துணியால் மூடிக்கொண்டு முன்பல் கட்டக் கேட்ட எத்தனை பேர் அதையே சொன்னார்கள். ஊரில் குளியலறைகளுக்குப் பெண்களை மட்டும் அடையாளம் தெரியும் போலிருக்கிறது. கூடத்துக்குப் போகிற வீட்டிலும் வழுக்கியது, மன்றத்துக்குப் போகிற வீட்டிலும் வழுக்கியது. இந்தச் சம்பந்தியம்மாவுக்கே கீழ்வரிசையில் ரெண்டு, இங்கே கட்டியதுதான். அப்போது சொன்ன காரணமும் அதேதான்.

“ஆக, விஷயத்துக்கு வருவோம்,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. “கூடத்துல, எல்லார் முன்னாடியும் இவன் சத்தியம் பண்ணட்டும். இனி கை நீட்ட மாட்டேன்னு. அத்தோட முடிஞ்சது.”

“ஏற்கெனவே ரெண்டு தடவை முடிஞ்சுது,” என்றாள் மகள் கைக்குட்டைக்குள்ளிருந்து. பல் போன இடத்தில் காற்று கசிந்து சொல் தளர்ந்து விழுந்தது.

பெரியவர் புன்னகை மாறாமல் சொன்னார்: “மனுஷன் பலவீனமானவன்மா. அதனாலதான் திரும்பத் திரும்ப மன்னிப்பு.”

“பலவீனமா?” என்றாள் மகள். “கை ஒண்ணும் பலவீனமா இல்லீங்களே.”

செயலாளர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தின் கீழ்ப் போய் நின்றார். பல்லுக்காரரின் படம். மோவாயில் கையை ஊன்றி, எதையோ யோசிப்பவர் போல இருப்பார். நீண்ட, சுத்தமான விரல்கள். மகள் சின்ன வயதில் நாற்காலி மேல் ஏறி நின்று அந்தக் கைக்கு முத்தம் கொடுப்பாள்.

“இவருக்குச் சாமி கிடையாது,” என்றார் செயலாளர், மேடையில் நிற்பவர் போல. “பயமும் கிடையாது. ஆனா எப்பேர்ப்பட்ட மனுஷன். பொண்டாட்டி வழுக்கி விழுந்து பல்லு போனப்ப, கடையைச் சாத்திட்டு, சோறு தண்ணி இல்லாம உக்காந்து, எது சொந்தப் பல்லு எது கட்டின பல்லுன்னு தெரியாத மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்தாரே, அதுக்குப் பேரு அன்பு. ஒவ்வொரு நினைவுக் கூட்டத்துலயும் நான் இதைத்தான் சொல்றேன். மனசாட்சி இருக்கறவனுக்குச் சாமி எதுக்கு?”

அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி வீட்டாரே தலையாட்டினார்கள். “நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லணும்,” என்றார் பெரியவர். “நம்பிக்கை மட்டும் இருந்திருந்தா...”

பல்லுக்காரம்மாவின் நாக்கு தானாகவே மேலண்ணத்தைத் தொட்டது. ரோஜா நிறத்தில் ஒரு சின்னத் தகடு, அதில் ஒற்றைப் பல். இருபத்தைந்து வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

அப்போதுதான் மகள் கைக்குட்டையை எடுத்தாள். உதடு இன்னும் ஒருபக்கம் தடித்திருந்தது.

“கூடம் வேணாம். அங்க பண்றது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அப்பா படத்துக்கு முன்னாடி பண்ணட்டும். எங்க அப்பா எங்கம்மாவ வச்சிருந்த மாதிரி வச்சுக்கறேன்னு சொல்லட்டும். நான் வரேன்.”

அறையில் ஒரு பெருமூச்சு பரவியது. சிக்கல் அவிழ்ந்த நிம்மதி. செயலாளர் வெற்றியோடு பெரியவரைப் பார்த்தார். பெரியவர் முகம் சுருங்கியது.

“செத்துப்போன மனுஷன் முன்னாடியா சத்தியம்? கூடத்துல பண்ணாத சத்தியம் எங்களுக்குச் செல்லாது.”

“சாமி முன்னாடி பண்றது எங்களுக்குச் செல்லாது.”

“அப்ப ரெண்டு இடத்துலயும் பண்ணட்டும்.”

“எது முதல்ல?”

அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள்கூட நடுவில் ஒரு தடவை மாட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. கடைசியில், வந்த இடம் இது என்பதால் படம் முதலில், போகிற வழியில் கூடம் என்று முடிவானது. இருவரும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். படத்தின் முன் போய் நின்று வலது கையை நீட்டினான். மோதிர விரலின் கணுவில் ஆறிக்கொண்டிருந்த ஒரு சின்னக் காயம். பல் பட்ட காயம். பல்லுக்காரம்மாவுக்கு அது தெரிந்தது.

“மாமா மேல சத்தியமா...” என்று மெதுவாக ஆரம்பித்தான். “மாமா அத்தைய வச்சிருந்த மாதிரியே நானும் இவளை...”

“வேணாம் மாப்பிள்ளை,” என்றாள் பல்லுக்காரம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை நேரமும் அந்த மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்ததே அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல.

“இந்தச் சத்தியம் மட்டும் வேணாம். இதை நீங்க காப்பாத்திடுவீங்க.”

“என்னம்மா சொல்றீங்க?” என்றார் செயலாளர்.

அவள் கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, தகட்டை நெம்பி எடுத்தாள். எச்சிலைத் துடைத்து, மேசை மேல், மகளுக்கென்று செதுக்கிய மெழுகுப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாயின் முன்வாசலில் ஒரு ஓட்டை திறந்துகொண்டது. அந்த முகத்தை மகள் பார்த்திருக்கிறாள். வெளியார் யாரும் பார்த்ததில்லை.

“இதைக் கட்டின கதைய எல்லாரும் சொல்றீங்க,” என்றாள். காற்று கசிந்தது. மகளுக்குக் கசிந்த அதே இடத்தில், அதே மாதிரி. “உடைச்ச கதைய ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல. அன்னிக்கு மன்றத்துல பேசிட்டு வந்தார். பொம்பளைங்க உரிமையப் பத்தி. கைதட்டல் வெளிய தெரு வரைக்கும் கேட்டுதாம். வந்து சாப்பிட உக்காந்தார். பேச்சுல ஒரு இடத்துல தடுக்கினீங்களேன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.”

மேசை மேலிருந்த தகட்டைத் திருப்பி வைத்தாள்.

“அப்புறம் கடையைச் சாத்திட்டு உக்காந்தார், அது நிஜம். சோறு தண்ணி இல்ல, அதுவும் நிஜம். என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி, வீங்கின உதட்டைத் தூக்கிப் பிடிச்சு, எந்த நிறம் சேரும்னு ஒவ்வொரு பல்லா வச்சு வச்சுப் பாத்தார். அவர் அழல. நிறம் பாத்தார். யாருக்கும் தெரியக் கூடாதுல்ல. அது முதலும் இல்ல, கடைசியும் இல்ல. மத்ததெல்லாம் பல்லு மாதிரி வெளிய தெரியற இடம் இல்ல, அவ்வளவுதான்.”

முதலில் சுதாரித்தவர் பெரியவர். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில், பழம் நழுவிப் பாலில் விழக் கண்டவனின் சந்தோஷமும் இருந்தது.

“பாத்தீங்களா? நான் என்ன சொன்னேன்? கடவுள் பயம் இல்லாத கை இப்படித்தான்.”

சொன்னவருக்குப் பக்கத்திலேயே, நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், கடவுள் பயமுள்ள மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

செயலாளருக்கு முகம் செத்துப்போயிற்று. குரலைத் தாழ்த்தி, “ஏம்மா, இதை இப்பப் போய்... அதுவும் இவங்க முன்னாடி. வீட்டுக்குள்ள இருந்த விஷயம். மன்றத்துக்கே கெட்ட பேராச்சே,” என்றார்.

பல்லுக்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலில் மிதிபட்டதைப் பார்க்கிற பார்வை.

“அவருக்குச் சாமி இல்ல. இவருக்குச் சாமி உண்டு. எனக்குப் போனதும் மேல்வரிசை, இவளுக்குப் போனதும் மேல்வரிசை. கை ஓங்கறவன் மேல யாரு இருக்காங்கன்னு பாத்து ஓங்கறதில்லீங்க. கீழ யாரு இருக்காங்கன்னு பாத்துத்தான் ஓங்கறான்.”

மகள் கதவிலிருந்து நகர்ந்து மேசைக்கு வந்தாள். கோபமா அழுகையா என்று தெரியாத முகம்.

“குளியலறைன்னு சொன்னியேம்மா. வளந்தப்புறமும் அதையேதானே சொன்ன.”

“நீயும் அதைத்தான் சொன்ன பாப்பா. எங்கிட்டேர்ந்து கத்துக்கிட்ட.” பல்லுக்காரம்மா மகளின் தடித்த உதட்டைப் பார்த்தாள். “உங்கப்பா பேரைக் காப்பாத்தறதா நெனச்சேன். நல்ல புருஷன்னா இப்படித்தான் இருப்பான்னு நீ நெனச்சுத் தேடினியே, அது என் பொய்யால வந்த வினை.”

மகள் படத்தைப் பார்த்தாள். மோவாயில் ஊன்றிய கையை வெகுநேரம் பார்த்தாள்.

“எந்தக் கை?”

“எழுதற கை.”

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சின்ன வயதில் ஏறிய அதே நாற்காலி. ஆணியிலிருந்து படத்தை எடுத்து இறங்கி, ஒரு துணியால் கண்ணாடியைத் துடைத்து, செயலாளர் கையில் கொடுத்தாள்.

“மன்றத்துல மாட்டிக்கோங்க மாமா. அடுத்த நினைவுக் கூட்டத்துல கட்டின கதையோட உடைச்ச கதையையும் சேத்துச் சொல்லுங்க. முடியலைன்னா ரெண்டையும் விட்டுடுங்க.”

பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை, அறிவிப்புச் செய்கிறபோது வருகிற, நிதானமான குரல்.

“நான் வரல. நீங்க போகலாம்.”

“கூடத்துல வந்து சத்தியம்...” என்று ஆரம்பித்தார் சம்பந்தி.

“பண்ணட்டும் மாமா. வழியிலதானே இருக்கு. நல்லதுதானே. ஆனா எனக்காகப் பண்ண வேணாம்.”

அவர்கள் எழுந்துபோனார்கள். வாசலில் இறங்கும்போதே பெரியவரும் செயலாளரும் மறுபடி ஜெயிலைப் பற்றி ஆரம்பித்துவிட்டது உள்ளே கேட்டது. புருஷன் கையைப் பிடித்து இழுத்தும் சம்பந்தியம்மா மட்டும் கடைசியாகத்தான் நகர்ந்தாள். மேசை மேல் கிடந்த தகட்டையே பார்த்தாள். நாக்கால் தன் கீழ்வரிசையை ஒருமுறை தடவியது கன்னத்தில் தெரிந்தது. பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கடையில் தாயும் மகளும் மட்டும். பலகைத் தாடைகள் இளித்தபடியே இருந்தன. தேநீர்க் கோப்பைகளை மகள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

பல்லுக்காரம்மா மெழுகுப் பல்லை எடுத்து, விளக்கில் காட்டி உருக்கிவிடப் போனாள். அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கென்று செதுக்கியது, இனி எதற்கு?

“ஏன் உருக்கற?” என்றாள் மகள். “நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. பஸ் பேரெல்லாம் காத்தா போகுது, ஜனங்க தப்பு பஸ்ல ஏறிடுவாங்க. கட்டு.”

“சரி. இங்க வா, ஜன்னல் பக்கம். நிறம் பாக்கணும்.”

நிறம் பார்க்கிற மாதிரிப் பற்களை எடுத்தாள். வெள்ளையிலிருந்து பழுப்பு வரை வரிசையாகக் கோத்த வளையம், அவர் வாங்கியது. இந்தக் கடையின் பெருமையே அந்த நிறம்தான். இங்கே கட்டிய பல் எது என்று பெற்றவளுக்கே தெரியாது என்று பேர். மகளின் உதட்டைத் தூக்கிப் பிடித்து, சேருகிற பல்லைப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசலாகச் சேர்ந்தது. யாருக்கும் தெரியாது.

மகள் கண்ணாடியில் பார்த்தாள். தலையசைத்தாள்.

“இது வேணாம்மா.”

“ஏன், சேருதே?”

“அதனாலதான் வேணாம்.” வளையத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், பழுத்துப்போன காகித நிறத்தில் இருந்த கடைசிப் பல்லில் நிறுத்தினாள். “இதுல கட்டு. பாக்கறவங்க கேக்கட்டும். கேட்டா நான் குளியலறைன்னு சொல்ல மாட்டேன்.”

பல்லுக்காரம்மா மகளைப் பார்த்தாள். பிறகு, அவரிடம் தொழில் பழகிய நாளிலிருந்து ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தாள். சேராத நிறத்துப் பல் ஒன்றைப் பல் பெட்டியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

கொஞ்சம் யோசித்து, அதே நிறத்தில் இன்னொன்றையும் எடுத்து வைத்தாள், தனக்கு.